வீட்டு எண் 4/12 தேதியாக மாறும்போது

வடசென்னையில் சுகாதாரக் கணக்கெடுப்புத் தரவைக் கையாள்பவர்களுக்கு முகவரிதான் பெரிய சோதனை. ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய எண், புதிய எண் இரண்டையும் சேர்த்து 4/12 என்று எழுதுவது வழக்கம். கள ஊழியரும் அப்படியே பதிவு செய்வார். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளிலிருந்து சி.எஸ்.வி. ஃபைலாக (கமாவால் பிரித்த உரை ஃபைல்) எடுக்கும்போதும் அது 4/12 ஆகவே வெளியே வரும். அந்த ஃபைலைப் பெறுபவர் எக்செலில் நேராகத் திறந்ததும் அது தேதியாகிவிடும். இந்திய அமைப்பில் டிசம்பர் 4, அமெரிக்க அமைப்பில் ஏப்ரல் 12. அப்படியே சேமித்துவிட்டால் வீட்டு எண் போனது போனதுதான். காசநோய் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்கப் போகிறவர் அப்புறம் எந்தக் கதவைத் தட்டுவார்?

5-9 என்ற வயதுப் பிரிவுக்கும் இதே கதிதான். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே, எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்பதால் மார்ச்1, செப்ட்1 போன்ற பெயர்களை மாற்றி 2020-ல் அறிவித்தது.

ஏற்றுமதி, அதாவது தரவை ஃபைலாக வெளியே எடுப்பது, முடிந்து பிழைச் செய்தி எதுவும் வரவில்லை என்றால் பலர் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். பிழைச் செய்தி வராமலே ஃபைல் கெட்டிருக்கலாம்.

முகவரியில் கமா இருந்தால் மென்பொருள் அதை இரட்டை மேற்கோளுக்குள் வைக்கும். ஆர் மொழியில் ரைட் டேபிள் கட்டளை தரும்போது மேற்கோளை நிறுத்திவிட்டு, பிரிக்கும் குறியாகக் கமாவையே கொடுத்தால் ஒரு முகவரி மூன்று நெடுவரிசையாகச் சிதறும். எங்கள் பகுதி முகவரிகளுக்குக் கமாவை விட டேப் அல்லது பைப் குறியே (|) பாதுகாப்பு. சாஸ் என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில், பிராக் எக்ஸ்போர்ட் கட்டளையில் ஃபைல் வகையை டி.எல்.எம். என்று சொல்லி டெலிமிட்டரில் (பிரிக்கும் குறி) பைப் குறியைக் கொடுத்தால் போதும். குறிப்புப் பகுதியில் யாராவது என்டர் தட்டியிருந்தால் அதை முன்பே நீக்கிவிடுங்கள். பல நிரல்கள் அதைப் புது வரிசையாகவே படிக்கும்.

ஆர் வரிசைப் பெயர்களையும் சேர்த்தே எழுதும். கட்டளையில் ரோ நேம்ஸை (வரிசைப் பெயர்) ஃபால்ஸ் ஆக்காமல் ரைட் டேபிள் பயன்படுத்தினால் தலைப்பு வரிசையில் ஒரு பெயர் குறைந்து எல்லாம் ஒரு கட்டம் தள்ளி நிற்கும். ஸ்டேட்டா என்ற மென்பொருள் இயல்பாக 1, 2 என்ற குறியீட்டுக்குப் பதில் அதன் லேபிளை (குறியீட்டின் பொருளைச் சொல்லும் பெயர்) எழுதும்; குறியீடு வேண்டுமென்றால் நோலேபிள் சேர்க்க வேண்டும். சாஸ், ஃபார்மட் (எண்ணைத் திரையில் காட்டும் விதம்) காட்டுவதை அப்படியே எழுதும். ஒரு தசம இடம் காட்டும் ஃபார்மட் இருந்தால் மீதி இலக்கங்கள் ஃபைலில் இருக்காது. ஹீமோகுளோபின் அளவில் இது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கம் கட்டாயம். எக்செலில் திறப்பார்கள் என்று தெரிந்தால் ஆர் மொழியின் ரீடர் தொகுப்பில் உள்ள ரைட் எக்செல் சி.எஸ்.வி. கட்டளை நல்லது. எழுத்துகள் குப்பையாக மாறாது.

அனுப்பும் முன் அந்த ஃபைலைத் திரும்ப உள்ளே படித்து, வரிசை எண்ணிக்கை, நெடுவரிசை எண்ணிக்கை, இரண்டு மூன்று கூட்டுத்தொகை ஆகியவற்றை மூலத் தரவோடு ஒப்பிடுங்கள். சில நிமிட வேலைதான். எக்செலில் திறப்பவரிடம் நேராகத் திறக்காமல் டேட்டா பட்டியிலிருந்து இறக்குமதி செய்யச் சொல்லுங்கள். தரவு வகையைக் கண்டறிய வேண்டாம் என்று அங்கே தேர்வு செய்ய முடியும்.

இன்னொன்று: உரை ஃபைலுக்குள் பூட்டு கிடையாது. கையில் கிடைத்த யாரும் நோட்பேடில் படிக்கலாம். வீடு தேடிப் போகாதவருக்கு அனுப்பும் பிரதியில் பெயர், கைபேசி எண், ஆதார் எண், கதவு எண் நான்கையும் ஏற்றுமதிக் கட்டளைக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.