சாதத்தை எடை போடுங்கள், கீரையை விட்டுவிடுங்கள்

மாவுச்சத்தைக் குறைக்கும் லோ கார்ப் உணவுமுறைக்கு மாறுகிறவர்கள் முதலில் வாங்கும் பொருள் பெரும்பாலும் சமையலறைத் தராசுதான். வந்த புதிதில் வீட்டில் உள்ள எல்லாமே அதன்மேல் ஏறும். முட்டைக்கோஸ், வெண்டைக்காய், கொத்தமல்லித் தழைகூட விலக்கில்லை. சில வாரங்களில் அலுத்துப்போய்த் தராசு பரணுக்குப் போய்விடும். இதற்குச் சோம்பலைக் குறை சொல்ல முடியாது. எல்லாப் பொருளையும் ஒரே துல்லியத்தில் அளக்கப் பார்த்தால் யாருக்கும் அலுக்கத்தான் செய்யும். எதில் பத்து கிராம் கூடினாலும் கணக்கு உதைக்கும், எதில் ஐம்பது கிராம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை என்று தெரிந்துகொண்டால், தராசில் வைக்க வேண்டியவை ஏழெட்டுப் பொருள்கள்தான்.

லோ கார்ப் என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை கிடையாது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பு. கீட்டோ என்றால் 20 முதல் 50 கிராமுக்குள். வரம்பு எதுவானாலும் தவறு பெருகும் விதம் ஒன்றுதான்: எடையில் எத்தனை கிராம் பிசகியதோ, அதை அந்தப் பொருளில் உள்ள மாவுச்சத்தின் விகிதத்தால் பெருக்கினால் உண்மையான பிசகு கிடைத்துவிடும். காலிஃபிளவரில் நார்ச்சத்து போக 100 கிராமுக்கு 3 கிராம் அளவில்தான் மாவுச்சத்து. கண்ணால் பார்த்து எடுத்ததில் 50 கிராம் கூடிப்போனால் அதிகப்படியாக உள்ளே போவது ஒன்றரை கிராம். அதே 50 கிராம் தவறு சோற்றில் நடந்தால் 14 கிராம். நாளுக்கு 30 கிராம் என்று வரம்பு வைத்திருப்பவருக்கு அது கிட்டத்தட்ட அன்றைய பாதிக் கணக்கு.

ஆகவே கீரை, சுரைக்காய், புடலங்காய், வெள்ளரி, கத்தரிக்காய், முட்டைக்கோஸ் இவற்றையெல்லாம் கண்ணளவிலேயே எடுக்கலாம். முட்டை, மீன், கோழி, ஆட்டுக்கறியில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. அவற்றை எடை போடுவது புரதக் கணக்குக்கு உதவும், மாவுச்சத்துக் கணக்குக்குத் தேவையில்லை. கேரட், பீட்ரூட், வெங்காயம், தேங்காய் ஆகியவை நடுவில் இருப்பவை. குழம்பில் கரைந்துபோகும் வெங்காயத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, ஆனால் 100 கிராம் பெரிய வெங்காயத்தில் 8 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. சின்ன வெங்காயத்தில் அதைவிட அதிகம். கொட்டைகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாதாமில் நார் போக 100 கிராமுக்கு 9 கிராம், முந்திரியில் 27 கிராம். இரண்டுமே ஒரு கைப்பிடிதான், மாவுச்சத்து மட்டும் மூன்று மடங்கு. தராசு கட்டாயம் வேண்டிய பொருள்கள் அரிசி, பருப்பு, இட்லி மாவு, கிழங்கு, முந்திரி, வெல்லம், சர்க்கரை ஆகியவை. தேநீர் அடிக்கடி குடிப்பவர்கள் பாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 மில்லி பாலில் 5 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கிறது. சர்க்கரையே போடாத தேநீரானாலும் நாலைந்து கோப்பை என்றால் 20 கிராமைத் தொட்டுவிடும்.

சோற்றில் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். வேகாத வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28. அரிசியில் இருந்த மாவு எங்கும் போய்விடவில்லை, தண்ணீர் சேர்ந்து எடை கூடிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரோ வீட்டுக்கு வீடு மாறும். 200 கிராம் அரிசி எடுத்துக்கொள்வோம், அதில் 156 கிராம் மாவுச்சத்து. பிரியாணிக்கு வேண்டியதுபோல் உதிரியாக வேகவைத்துச் சோறு மொத்தம் 560 கிராம் வந்தால், 100 கிராமுக்கு 28 கிராம் ஆகிறது. தயிர்சாதத்துக்குக் குழைய விட்டு 660 கிராம் வந்தால் 100 கிராமுக்கு 24தான். தட்டில் வைத்த 150 கிராம் சோறு முதல் வகையில் 42 கிராம், இரண்டாவதில் 35. தராசு இரண்டு முறையும் 150 என்றுதான் காட்டும், அது பொய் சொல்லவும் இல்லை. நாம் எடுத்துக்கொண்ட 28 என்ற எண்தான் வேறு யாரோ வேறு பதத்தில் வடித்த சோற்றுக்கு உரியது.

இதற்கு வழி எளிது. அரிசியை வேகும் முன் எடை போடுங்கள், வெந்த பின் பாத்திரத்தோடு மொத்தமாக எடை போடுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்தால் சோற்றின் எடை. மொத்த மாவுச்சத்தை அந்த எடையால் வகுத்தால் உங்கள் வீட்டுச் சோற்றுக்கான எண் வந்துவிடும். தினமும் புழங்கும் குக்கர், சட்டி, வாணலி இவற்றின் காலி எடையை ஒரு தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவைத்தால் ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து எடை பார்க்க வேண்டியதில்லை. கஞ்சி வடிக்கிற வீடானால் கொஞ்சம் மாவு கஞ்சியோடு போய்விடும், அதனால் இந்தக் கணக்கு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். குறைத்துக் காட்டுவதைவிட அது மேல்.

இதே முறை சாம்பாருக்கும் பொருந்தும். வேகாத துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 55 கிராம் அளவில் மாவுச்சத்து என்று எடுத்துக்கொண்டு, மொத்தச் சாம்பாரின் எடையால் வகுக்க வேண்டியதுதான். ஆனால் அடியில் பருப்பு தங்கிவிடும், நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். இட்லி மாவுக்கு இன்னும் சுலபம். 400 கிராம் அரிசி, 100 கிராம் உளுந்து போட்டு அரைத்தால் அரிசியிலிருந்து 312, உளுந்திலிருந்து 51, மொத்தம் 363 கிராம் மாவுச்சத்து. அந்த மாவு முழுவதிலும் ஒரே அளவு குழியில் 28 இட்லி வந்தால் ஒன்றுக்கு 13 கிராம். இட்லியை எடை போட வேண்டிய தேவையே இல்லை. புளிக்கும்போது நுண்ணுயிர்கள் தின்பது சொற்பம், இந்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம். தோசைக்கு மட்டும் கரண்டி மாவை எடை போட வேண்டும், ஏனென்றால் தோசைக்குக் குழி கிடையாது.

சரி, தராசு எப்படி வேலை செய்கிறது? தட்டுக்கு அடியில் ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகள் அந்த வளைவில் நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. நீண்ட இழையின் மின்தடை கூடும், சுருங்கியதன் மின்தடை குறையும். இந்த இழை அளவியை 1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். மின்தடை மாற்றம் மிகச் சிறியது என்பதால் நான்கு தடைகளை வீட்ஸ்டன் சமனச் சுற்றாக இணைத்து அதைப் பிடிக்கிறார்கள். பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் நாம் கம்பியின்மேல் தொடுமுனையை நகர்த்தி நகர்த்திப் பூஜ்யம் தேடிய அதே சுற்றுதான். அதிலிருந்து வரும் மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை ஒரு சில்லு எண்ணாக்கித் திரையில் காட்டுகிறது.

திரை ஒவ்வொரு கிராமாகக் காட்டுவதால் அளவும் ஒரு கிராமுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 5 கிலோ தாங்கும் தராசில் 3 கிராம் சர்க்கரையை நம்பி அளக்க முடியாது. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. வெப்பத்தாலும் ஈரத்தாலும் பூஜ்யம் மெல்ல நகர்ந்துவிடும் என்பதால், சின்னச் சின்ன நகர்வுகளைத் தானே திருத்திக்கொள்ளும்படி பல தராசுகளை அமைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தில் நிற்கும் தராசில் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் அதையும் நகர்வு என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்திலேயே நிற்கும். இரண்டு மூன்று கிராம் விழுந்திருக்கும், திரையில் அசைவிருக்காது. கிண்ணத்தின் எடை தெரிகிறபடியே விட்டு, பொடியை ஒரே தடவையில் போட்டு, பிறகு கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக வரும். தராசு சரியா என்று பார்க்கப் பத்து ரூபாய் நாணயம் போதும். ஒன்று 7.7 கிராம், பத்து நாணயம் வைத்தால் 77 காட்ட வேண்டும். அதையே தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. நெய் டப்பாவையோ முந்திரி பாட்டிலையோ தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, வேண்டியதை வெளியே எடுங்கள். திரையில் மைனஸ் போட்டு வருகிற எண்தான் நீங்கள் எடுத்த அளவு. கரண்டியில் ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்ற கவலையும் இல்லை, கூடுதலாக ஒரு கிண்ணம் கழுவும் வேலையும் இல்லை.

தராசு இல்லாதவர்களுக்கு ஆழாக்கும் டம்ளரும் இருக்கின்றன. ஓர் ஆழாக்கு சுமார் 168 மில்லி. அரிசி, பருப்பு போன்ற மணிகளுக்குத் தலைதட்டி அளந்தால் கொள்ளளவே போதுமான அளவு நம்பகமானது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடையும். துருவிய தேங்காய், பாதாம் மாவு போன்றவற்றுக்கு இது உதவாது. அழுத்தினால் ஓர் எடை, தூவினால் வேறு எடை.

எடை சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு பெருக்கும் அட்டவணை எண் எவ்வளவு துல்லியம்? நம் நாட்டில் இந்த எண்களைத் தருவது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது பிறந்த இடம் நீலகிரி. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 2017இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப்பொருள்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட அட்டவணையிலும் மாவுச்சத்தை வழக்கமாக நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாது உப்புகள்), நார் எல்லாவற்றையும் அளந்து 100இலிருந்து கழிக்கிறார்கள், மிச்சம் இருப்பதுதான் மாவுச்சத்து. மற்ற ஐந்து அளவீடுகளில் உள்ள சிறு பிசகுகள் எல்லாம் இந்த ஓர் எண்ணில் வந்து சேர்கின்றன. மண், ரகம், பழுத்த நிலை என்று காய்க்குக் காய் வேறு மாறும். செயலியில் 6.83 என்று வந்தால் 7 என்று படித்தாலே போதும்.

வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் லேபிளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க லேபிளில் மொத்த மாவுச்சத்துக்குள் நார்ச்சத்தும் அடக்கம், நெட் கார்ப் வேண்டுமானால் நாரைக் கழிக்க வேண்டும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நார் ஏற்கெனவே கழிக்கப்பட்டுத்தான் இருக்கும். லண்டனில் இருந்துகொண்டு அமெரிக்க யூடியூபரைப் பார்த்து மறுபடியும் கழித்தால், சாப்பிட்ட மாவுச்சத்து கணக்கில் காணாமல் போய்விடும்.

கலோரிக் கணக்கும் இப்படித்தான். ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9, மாவுக்கு 4 என்ற எண்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் செய்த சோதனைகளிலிருந்து வந்த சராசரிகள். அந்தக் கணக்கில் 28 கிராம் பாதாம் சுமார் 170 கலோரி. 2012இல் அமெரிக்க வேளாண்துறை விஞ்ஞானிகள் மனிதர்களைச் சாப்பிடவைத்துச் சோதித்தபோது உடலுக்குக் கிடைத்தது 129தான். பாதாமின் செல்சுவருக்குள் அடைபட்ட கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

அப்படியானால் எவ்வளவு துல்லியம் போதும்? முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள சிறுவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் இதற்கு நல்ல அளவுகோல் தருகின்றன. 60 கிராம் மாவுச்சத்துக்கான இன்சுலினைப் போட்டுவிட்டு 50, 60, 70 கிராம் உள்ள உணவுகளைக் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் 20 கிராமானபோது தெளிவாகத் தெரிந்தது. இன்சுலின் போடுகிறவர்களுக்கே வேளைக்கு 10 கிராம் முன்பின் தாங்கும் என்றால், எடை குறைக்க லோ கார்ப் இருப்பவர் கொத்தமல்லியை எடை போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கீட்டோவில் இருப்பவருக்கு மட்டும் 10 கிராம் பெரிய அளவு, அவர் அரிசி, பருப்பு, கொட்டையில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

உண்மையிலேயே கிராமின் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறவர்களும் இருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்குக் கீட்டோஜெனிக் உணவை மருத்துவமாகவே கொடுக்கிறார்கள். 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த முறை அது. புரதமும் மாவும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நான்கு பங்கு. அங்கே 0.1 கிராம் காட்டும் தராசும் உணவியல் நிபுணரின் மேற்பார்வையும் அவசியம். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் கீட்டோஅசிடோசிஸ் என்ற அபாயமும் உண்டு. இவர்கள் தராசு வாங்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். சோற்றைத் தட்டில் வைத்ததும், தராசைப் பார்க்கும் முன், இது எத்தனை கிராம் இருக்கும் என்று வாய்விட்டு ஓர் எண்ணைச் சொல்லுங்கள். பிறகு எடை பாருங்கள். நாளாக நாளாகக் கண் பழகி, ஊகம் உண்மைக்கு நெருங்கி வரும். பழகியபின் தினமும் அளக்க வேண்டாம். அரிசி ரகம் மாறும்போதும், புதுக் குக்கரோ புதுக் கரண்டியோ வீட்டுக்கு வரும்போதும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். காரணமே புரியாமல் எடை இறங்காமல் நிற்கும் வாரத்திலும் தராசை எடுங்கள், அப்போது முதலில் முந்திரி பாட்டிலை வையுங்கள்.