சீனிக்கிழங்கில் சீனி எப்போது வருகிறது?

பொங்கல் கழிந்து பத்து நாள் ஆகியும் எங்கள் வீட்டில் கிழங்கு தீரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் இது வருஷா வருஷம் நடப்பதுதான். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பனங்கிழங்கு என்று வந்து குவிந்ததில் சிறுகிழங்கு இரண்டே நாளில் பொரியலாகிக் காலி. கடைசிவரை கட்டிலுக்கடியில் சாக்கில் கிடப்பது சீனிக்கிழங்கு. மற்ற ஊர்களில் சர்க்கரைவள்ளி என்பார்களே, அதேதான். மைனி பெங்களூருக்குத் திரும்பும்போது விட்டுப்போன வாஃபிள் மேக்கர் (மாவைக் கட்டம் கட்டமான பலகாரமாகச் சுடுகிற மிஷின்) ஒன்று பரணில் கிடந்தது. இரண்டையும் சேர்த்துவைத்தால் என்ன என்று தோன்றியது.

கிழங்கைத் துண்டு போட்டுக் குக்கரில் மூன்று விசில் விட்டு மசித்து, மைதா, முட்டை, பால், வெண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்து ஊற்றினேன். வந்தது மேலே கறுப்பு, உள்ளே களி. இனிப்பும் இல்லை. பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டு "ஈர அட்டை" என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை இதே வேலையாக இருந்ததில் புரிந்தது என்னவென்றால், பாதித் தப்பு மாவை ஊற்றுவதற்கு முன்னாலேயே, குக்கரில் நடந்து முடிந்துவிட்டது.

எங்கள் ஆச்சி கிழங்கை அவித்ததைவிடச் சுட்டதுதான் அதிகம். வெந்நீர் அடுப்பில் கங்கு அடங்கினதும் சாம்பலுக்குள் முழுக்கிழங்கைப் புதைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். எடுக்கப் போனால், "பொறுல, உள்ள இனிச்சுக்கிட்டிருக்கு" என்பாள். அது வெறும் சமாதானம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் கிழங்குக்குள் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

பச்சைக் கிழங்கில் கொஞ்சம் சுக்ரோஸ், அதாவது நாம் காப்பியில் போடுகிற அதே சீனி, இருக்கிறது. மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்தும் தண்ணீரும்தான். மாவுச்சத்து என்பது குளுக்கோஸைப் பூச்சரம் மாதிரி நீளமாகத் தொடுத்தது, நாக்குக்கு அதில் இனிப்பே தெரியாது. இந்தக் கிழங்கில் மற்ற கிழங்குகளில் இல்லாத அளவுக்கு பீட்டா அமைலேஸ் என்கிற நொதி இருக்கிறது. அது அந்தச் சரத்தின் நுனியைப் பிடித்து இரண்டிரண்டு பூவாகக் கிள்ளிக்கொண்டே போகும். கிள்ளி விழும் ஒவ்வொரு ஜோடிக்கும் மால்டோஸ் என்று பெயர். வெள்ளைச் சீனியின் இனிப்பில் பாதிக்கும் குறைவுதான், ஆனால் அளவு நிறைய வருவதால் நன்றாகவே தெரியும். சரத்தில் கிளை பிரிகிற இடம் வந்தால் நொதிக்கு அதற்கு மேல் போகத் தெரியாது, அங்கேயே நின்றுவிடும்.

சிக்கல் எங்கே என்றால், பச்சை மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக இருக்கும், நொதி அதற்குள் கைவைக்க முடியாது. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டி மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி அவிழ ஆரம்பித்தால்தான் சரம் கைக்குக் கிடைக்கும். 80 டிகிரிப் பக்கம் போனாலோ நொதியே கெட்டுவிடும். ஆக நடுவில் உள்ள அந்தப் பதினைந்து இருபது டிகிரிதான் சீனி விளைகிற இடம். குக்கரில் உள்ளே 120 டிகிரி வரை போகும், துண்டு போட்ட கிழங்கு அந்த இடைவெளியைச் சில நிமிஷத்தில் கடந்துவிடும். சாம்பலில் முழுக்கிழங்கு அதை முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று ஆற அமரக் கடக்கிறது. மைக்ரோவேவில் வைத்தால் குக்கரைவிட மோசம்.

சரி, இப்போது வெந்நீர் அடுப்புக்கு எங்கே போவது? ஹாட்பாக்ஸ் போதும். நன்றாகக் கொதித்த தண்ணீர் 2 பங்கு, குழாய்த் தண்ணீர் 1 பங்கு கலந்தால் சுமார் 76 டிகிரி வரும். அப்படி 2 லிட்டர் தண்ணீரில் அரைக்கிலோ முழுக்கிழங்கைத் தோலோடு போட்டு மூடினால், கிழங்கு குடித்த சூடு போக 68 டிகிரி அளவில் நிற்கும். தெர்மாமீட்டர் வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். ஒன்றரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு இட்லிப் பானையில் ஆவியில் அவிக்கலாம். தோலை உரிக்கவோ துண்டு போடவோ கூடாது, விளைந்த சீனி தண்ணீரில் கரைந்து போய்விடும். ஒரு சங்கடமும் உண்டு. 60 டிகிரிக்கு மேல் கிழங்கின் இன்னொரு நொதி, செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையான பெக்டினைக் கொஞ்சம் இறுக்கிவிடுவதால், பிற்பாடு ஆவியில் வேக வழக்கத்தைவிட நேரமாகும். மசிக்கத்தானே போகிறோம், பொறுமையாக அவித்தால் சரியாகிவிடும்.

கட்டிலுக்கடியில் பத்து நாள் கிடந்ததும் நல்லதற்குத்தான், கிழங்கு சும்மா இருக்கும்போதே கொஞ்சம் மாவுச்சத்து சீனியாகிக்கொண்டிருக்கும். ஃபிரிட்ஜில் மட்டும் பச்சைக் கிழங்கை வைத்துவிடாதீர்கள். வெப்ப நாட்டுக் கொடி இது, திருச்செந்தூர் கடற்கரை மணலில் படர்கிற அடம்பங்கொடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே கட்டி விழுந்துவிடும், எவ்வளவு அவித்தாலும் அந்த இடம் மசியாது.

இனிப்பு வந்தாயிற்று. இனி மொறுமொறுப்பு. இங்கேதான் வேடிக்கை, இனிப்பைக் கொடுத்த கிழங்கே மொறுமொறுப்புக்கு எதிரி.

வாஃபிள் மேக்கர் என்பது இரண்டு பக்கமும் கல் உள்ள தோசைக்கல், அவ்வளவுதான். அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து ட்ராய் நகரத்தைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வௌட் 1869 ஆகஸ்ட் 24 அன்று அடுப்பில் வைத்துத் திருப்புகிற வாஃபிள் இரும்புக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய மின்சார மிஷின்களும் அதே யோசனைதான். கட்டம் கட்டமாக இருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. அதே அளவு மாவுக்கு மேல்பரப்பு கூடுகிறது, எந்த இடத்திலும் மாவு தடிமனாக நிற்பதில்லை, அதனால் தண்ணீர் வெளியேற வழி கிடைக்கிறது.

மொறுமொறுப்பு என்பதே தண்ணீர் வெளியேறிய கதை. 1 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100க்குக் கொண்டுவர 70 கலோரி போதும், அதை ஆவியாக்கவோ இன்னும் 540 கலோரி வேண்டும். தட்டு 190 டிகிரியில் இருந்தாலும், மாவின் மேல்தோலில் ஈரம் இருக்கிறவரை அது 100 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். ஈரம் போன பிறகுதான் சூடு ஏறி, சிவந்து, தோல் கெட்டிப்படும். மூடியின் இடுக்கில் புஸ்ஸென்று வருகிற ஆவி அடங்கும்வரை மூடியைத் தூக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான். முன்னால் தூக்கினால் பாதி மேல் தட்டோடும் பாதி கீழ்த் தட்டோடும் ஒட்டி, நடுவில் பிய்ந்து வரும். எனக்கு அது நாலு தடவை நடந்தது.

கிழங்கின் எடையில் ஏறத்தாழ முக்கால்வாசி தண்ணீர், நார்ச்சத்து வேறு அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்குமேல் பாலும் தாராளமாக ஊற்றினால் மிஷின் என்ன செய்யும்? ஆகவே மசித்த கிழங்கை வாணலியில் எண்ணெய் விடாமல் ஐந்தாறு நிமிஷம் கிளறி வற்றவிட வேண்டும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாத பதம் வரை. இந்த ஒரு வேலையில் கிடைத்த வித்தியாசம் வேறெதிலும் கிடைக்கவில்லை.

எனக்குச் சரிப்பட்டு வந்த அளவு: அப்படி வற்றிய மசியல் 1 கப், மைதா 1 கப், பச்சரிசி மாவு கால் கப், உருக்கிய வெண்ணெய் 4 மேஜைக்கரண்டி, முட்டை 2, பால் முக்கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டையின் வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்தால், அந்தக் காற்று உள்ளே துளைத்துளையாக நின்று ஆவிக்கு வழிவிடும்.

அரிசிமாவு எதற்கு என்றால், அல்வா ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்தபின் கையில் சக்கையோடு ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சுமே, அதுதான் குளூட்டன். மைதா மாவை அடித்துக் கலக்கக் கலக்க அது வலையாகப் பின்னிக்கொள்ளும். பரோட்டாவுக்கு அது வேண்டும், வாஃபிளுக்கு வேண்டாம். அரிசிமாவில் குளூட்டன் கிடையாது, தோல் நொறுங்குகிற மாதிரி காயும். மாவையும் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் கலக்காதீர்கள், சின்னக் கட்டிகள் கிடந்தால் கிடக்கட்டும்.

அடுத்து, கறுத்துப்போன விஷயம். மால்டோஸுக்கு ஒரு முனை திறந்திருக்கிறது. அந்த முனை முட்டை, பாலில் உள்ள புரதத்தோடு சூட்டில் சேர்ந்துதான் சிவந்த நிறமும் சுட்ட வாசமும் வருகின்றன. 1912இல் இந்த வினையை விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையார் பெயரில்தான் இன்றும் இதைச் சொல்கிறார்கள். வெள்ளைச் சீனிக்கு அந்த முனை மூடியிருக்கிறது, அது உடைந்த பிறகுதான் இதில் இறங்கும். ஆகவே நன்றாக இனிக்க அவித்த கிழங்கு சாதா மாவைவிடச் சீக்கிரம் சிவக்கும், உள்ளே ஈரம் போகுமுன்பே வெளியே கறுத்துவிடும். சூட்டை ஒரு படி குறைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. மாவில் தனியாக இனிப்புப் போடாதீர்கள். உடன்குடிக் கருப்பட்டி இருந்தால் பாகு காய்ச்சி, தட்டில் வைத்த பிறகு மேலே ஊற்றிக்கொள்ளலாம், அதையும் தின்கிற நேரத்தில்.

சமையல் சோடா சேர்த்தால் இன்னும் பொங்கும் என்று ஒரு தடவை கை தாராளமாகப் போட்டதில், உள்ளே லேசாகப் பச்சை பாய்ந்துவிட்டது. கிழங்கு கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். அப்படி இல்லை, கிழங்கில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தன்மையில் அமினோ அமிலங்களோடு சேர்ந்தால் பச்சை நிறம் கொடுக்கும். பேக்கிங் பவுடரில் அமிலமும் கூடவே இருப்பதால் இந்தத் தொந்தரவு இல்லை. ஊதா சதையுள்ள கிழங்கில் சோடா போட்டால் கேட்கவே வேண்டாம், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம் வரும்.

நம் சந்தையில் பெரும்பாலும் வருவது தோல் சிவப்பு, சதை வெள்ளை. ஆரஞ்சுச் சதைக் கிழங்கு கிடைத்தால் விடாதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ கனகா, பூ சோனா என்று அந்த வகைகளை வெளியிட்டிருக்கிறது. அந்த நிறம் பீட்டா கரோட்டின், உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கொழுப்பில்தான் கரையும் என்பதால் வெண்ணெய் சேர்ந்த வாஃபிள் அதற்குத் தோதுதான். ஆனால் அது இன்னும் ஈரமான கிழங்கு, வாணலியில் கூடுதலாக இரண்டு நிமிஷம் கிளற வேண்டியிருக்கும்.

சுட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கதை கந்தல். உள்ளிருந்து வருகிற ஆவிக்குப் போக்கிடம் இல்லாமல் அடுத்ததன் தோலில் போய்த் தண்ணீராகப் படியும், ஐந்தே நிமிஷத்தில் பழைய ஈர அட்டை. கம்பி வலைமேல் தனித்தனியாகப் போடுங்கள். கவிழ்த்த இட்லித் தட்டும் போதும், குழிக்கு நடுவே காற்று ஓடும். மிஞ்சினதை ஆறவைத்து டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கட்டையாக இருக்கும், வெந்த மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகுவதால் வருவது அது. தோசைக்கல்லைச் சிறு தீயில் காயவைத்து, மூடாமல், பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் போட்டால் இறுக்கம் விட்டு, மேலே ஒட்டியிருந்த ஈரமும் போய், முதல் நாளைவிட ஒரு சுற்று மொறுமொறுப்பாகவே வருகிறது.