தெளிந்த தண்ணீரிலும் மீன் சாவது ஏன்?

"மணல், கூழாங்கல், அடுப்புக்கரி மூன்றையும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளபடியே டிரம்மில் அடுக்கி, கோய்க் குளத்துக்கு வடிகட்டி செய்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, அடியில் கிடக்கிற காசுகூடத் தெரிகிறது. ஆனாலும் மூன்றாவது வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு செத்தே போய்விட்டன. தண்ணீரில் என்ன குறை?" வீட்டுக் கொல்லையில் கோய் வளர்க்கத் தொடங்கியவர்கள் பலரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது.

குறை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கோய் என்பது வண்ணம் பூண்ட சாதாக் கெண்டைதான். தின்ற புரதத்தை எரித்தபின் மிஞ்சும் நைட்ரஜனில் பெரும் பகுதியை அது சாணமாகப் போடுவதில்லை. செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. மூச்சோடு மூச்சாகத் தண்ணீரில் கரைந்துவிடுகிற பொருளை எந்த மணலும் பிடித்து நிறுத்தாது. கரியும் அம்மோனியாவை அநேகமாக விட்டுவிடும். அந்தப் பாடப்புத்தகப் படம் கலங்கல் நீரைத் தெளிய வைப்பதற்கானது. மீன்குளத்தின் வடிகட்டிக்கு வேலையே வேறு: அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு வீடு கட்டித் தருவது. அந்த வீட்டுக்குள் குப்பை நுழையாமல் பார்த்துக்கொள்வது அதற்கு முந்திய வேலை.

கணக்கை எடுத்துக்கொள்வோம். 2.5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 1.1 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 5000 லிட்டர். அதில் ஒரு கிலோ எடையுள்ள கோய் ஐந்து. அதற்கு மேல் வேண்டாம். கோடைச் சூட்டில் நாளுக்கு 100 கிராம் வரை தீவனம் போகலாம். தீவனத்தில் 35 சதவீதம் புரதம் இருந்தால், அந்த 100 கிராமிலிருந்து சுமார் 3.2 கிராம் அம்மோனியா நைட்ரஜன் குளத்தில் சேரும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அம்மோனியாவின் நஞ்சு, தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவோடு ஏறுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8-இல் ஏழரை சதவீதம், 8.5-இல் ஐந்தில் ஒரு பங்கு. நம் ஊர் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டியே நிற்கும் என்பதை மறக்கக் கூடாது.

வடிகட்டிக்கு மூன்று 200 லிட்டர் நீல டிரம் போதும். பழைய டிரம் கடையில் வாங்கினால் உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப் பொருள் வந்ததை மட்டும் எடுங்கள். மருந்தோ சோப்போ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. மூன்றையும் குளத்துக்குப் பக்கத்தில், விளிம்பு குளத்து நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி பாதி மண்ணுக்குள் இறக்குங்கள். குளத்தின் ஆழமான இடத்திலிருந்து 75 மி.மீ. பிவிசி குழாய் சுவர் வழியே முதல் டிரம்முக்கு வரட்டும். தண்ணீர் தானாகவே ஓடி மூன்று டிரம்மையும் கடந்து வர, பம்ப் கடைசி டிரம்மில் உட்கார்ந்து சுத்தமான தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

பம்பை ஏன் குளத்துக்குள் போடக் கூடாது? முதல் காரணம் பாதுகாப்பு. குளத்திலிருந்து பம்ப் தள்ளும்போது டிரம் அடைத்துக்கொண்டால், விளிம்பு வழியாக வழிந்து ஒரே இரவில் குளமே காலியாகிவிடும். கடைசியில் வைத்தால் அதிகபட்சம் அந்த ஒரு டிரம் வற்றி பம்ப் சும்மா ஓடும். ஒரு ஃப்ளோட் சுவிட்ச் மாட்டிவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

இரண்டாவது காரணம்தான் அழகானது. மீன் போட்ட எச்சம் முழுசாக இருக்கும்வரை நொடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வேகத்தில் கீழே இறங்கும். பம்பின் சுழலி அதை அரைத்துத் தூளாக்குகிறது. ஸ்டோக்ஸ் விதிப்படி, நுண்துகள் அமிழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால்பங்கு; பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்று. தானாகவே கீழே இறங்கியிருக்க வேண்டிய கசடு, ஒரு முறை சுழலிக்குள் போய் வந்துவிட்டால் நாள் கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும்.

முதல் டிரம்மின் வேலை இந்த அமிழ்தலுக்கு அவகாசம் தருவது. குளத்து நீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றி வர வேண்டும் என்றால் மணிக்கு 2500 லிட்டர். உள்ளே வரும் குழாயை டிரம்மின் நடுவே கொண்டுபோய் ஓர் எல்போ போட்டு மேல்நோக்கித் திருப்புங்கள். அதைச் சுற்றி, அடிப்பாகம் வெட்டிய பெயின்ட் வாளி ஒன்றை, 30 செ.மீ. விட்டமுள்ளதாக, வாய் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி தொங்க விடுங்கள். தண்ணீர் வாளிக்குள் எழும்பி, வேகம் இழந்து, கீழே இறங்கி, வாளியின் அடியைத் தாண்டி நாலாபுறமும் பரவி, சுவரோரமாக மெல்ல மேலேறும். டிரம்மின் குறுக்களவு 57 செ.மீ.; வாளியின் இடத்தைக் கழித்தால், தண்ணீர் மேலேறும் வேகம் நொடிக்கு 4 மி.மீ.க்கும் குறைவு. அதைவிட வேகமாக அமிழும் எதுவும் மேலே போக முடியாது. சல்லடை இல்லை, பஞ்சு இல்லை. தண்ணீரை மெதுவாக நடக்க வைத்ததுமே குப்பை தானாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு நாள் கழித்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்: மேலே தெளிவு, அடியில் பழுப்பு நிறக் கம்பளம் விரித்த மாதிரி கசடு. வாரம் இரண்டு முறை சிறிய மோட்டாரை அடிவரை இறக்கி, முப்பது லிட்டர் உறிஞ்சி வாழைக்குப் பாய்ச்சிவிடலாம்.

குழாய் இணைப்பில் பலர் சறுக்குவார்கள். டிரம்மின் சுவர் வளைந்தது. டேங்க் நிப்பிளின் தட்டை வாஷர் அதில் முழுதாகப் படியாது, மாதக்கணக்கில் சொட்டும். குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் கிரோமெட் போடுங்கள். ஹோல் சா போட்ட துளையின் பிசிரை உப்புத்தாளால் தேய்த்து, குழாயில் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால் ஏறிக்கொள்ளும். குழாய் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று 110 மி.மீ. போடாதீர்கள். இந்த ஓட்டத்துக்கு அதில் தண்ணீர் மிக மெதுவாக நகர்ந்து, கசடு குழாய்க்குள்ளேயே படிந்துவிடும்.

இரண்டாவது டிரம்மில் பச்சை ஷேட் நெட்டைத் தளர்வாகச் சுருட்டி நிரப்பினால் மிச்சத் துகள்கள் அதில் தங்கும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து அலசுங்கள்.

மூன்றாவது டிரம்தான் உயிருள்ளது. பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரை வாங்கி, வெங்காயம் வரும் வலைப்பைகளில் போட்டு, மொத்தம் 100 லிட்டர் கொள்ளளவுக்கு அடுக்குங்கள். செம்பு, பித்தளை நார் கூடவே கூடாது; செம்பு மீனுக்கு நஞ்சு. கீழே ஏர் ஸ்டோன் வைத்து நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்று விடுங்கள். ஏன் 100 லிட்டர்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் வளரும் பாக்டீரியா நாளுக்குச் சுமார் 0.2 கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும் என்று வைத்தால், நமது 3.2 கிராமுக்கு 16 சதுர மீட்டர் வேண்டும். ஒரு கன மீட்டர் பிளாஸ்டிக் நாரில் சுமார் 300 சதுர மீட்டர் பரப்பு உண்டு. அதாவது ஐம்பது லிட்டர் சொச்சம் போதும். மீன் வளரும், தீவனம் கூடும் என்பதால் இரண்டு மடங்கு. 20 மி.மீ. ஜல்லியில் பரப்பு அதில் ஏறக்குறைய பாதிதான், எடையோ தூக்க முடியாதது. இடுக்கில் சேரும் சேற்றைக் கழுவவும் வழியில்லை.

அந்த நாரின் ஓர் இழையை மூன்று மாதம் கழித்து விரலால் தொட்டுப் பார்த்தால் லேசாக வழவழக்கும். மெல்லிய தேன் நிறம். அதுதான் உயிர்ப்படலம். பாக்டீரியா தானே சுரந்த பசையில் தன்னை ஒட்டிக்கொண்டு ஓட்டத்தில் அடித்துப் போகாமல் வாழ்கிறது. ஆக்சிஜன் இந்தப் படலத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழம்தான் ஊடுருவும். அதற்குக் கீழே இருப்பது மூச்சு முட்டிய பகுதி. ஆக, படலம் தடித்தால் பயன் கூடாது, அதன் மேற்பரப்பு மட்டுமே வேலை செய்கிறது. காற்றுக்குமிழிகள் உரசி உரசி அதை மெல்லியதாகவே வைத்திருக்கின்றன.

இந்த மேற்பரப்புக்குத்தான் போட்டி. மீன் எச்சத்தைத் தின்னும் சாதாரண பாக்டீரியா, தீனி கிடைத்தால் அரை மணிக்குள் இரண்டாகிவிடும். அம்மோனியாவைத் தின்பதோ இரட்டிப்பாக ஒரு நாள் பிடிக்கும். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரிப்பதில் கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு. அதை வைத்துக்கொண்டு கரியமில வாயுவிலிருந்து உடம்பையும் அதுவே கட்டிக்கொள்ள வேண்டும். கூலி குறைவு, செலவு அதிகம். கசடு வந்து நாரில் படிந்தால் வேகக்காரப் பாக்டீரியா மேலே பரவி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். நமக்கு வேண்டியது அடியில் புதைந்துபோகும். கூழாங்கல் டிரம்மில் நடந்தது இதுவே. கசடைப் பிரித்துவிட்டுத்தான் பாக்டீரியாவுக்கு இடம் தர வேண்டும். அந்த வரிசை தவறினால் எவ்வளவு பெரிய வடிகட்டியும் உதவாது.

1890 வாக்கில் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற வேறொன்று என்று காட்டினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பாடம் அப்படியே நின்றது. 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில், இரண்டு படியையும் தனியாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா வகையைக் கண்டறிந்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்தது ரஷ்யாவில் 1200 மீட்டர் ஆழ எண்ணெய்க் கிணற்றின் வெந்நீர்க் குழாய்ப் படலத்தில். நெதர்லாந்துக் குழுவுக்கு மீன்வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில்! வழவழப்பை வழித்துப் போட்டுவிடாமல் அதில் யார் வாழ்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கு அது கிடைத்தது. "இதனால் உடனடிப் பயன் என்ன" என்று கேட்டுக்கேட்டு அடிப்படை ஆய்வுகளுக்குப் பணத்தைக் குறைப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இனி நடைமுறை. வடிகட்டி ஓடத் தொடங்கிய அன்றே மீனை விடக் கூடாது. பாக்டீரியா குடியேற மூன்றிலிருந்து ஐந்து வாரம் ஆகும். அதற்குத் தீனியாக நவச்சாரம் போடலாம். அது அம்மோனியம் குளோரைடுதான். 5000 லிட்டருக்குச் சுத்தமான நவச்சாரம் 38 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்கும். சோதனைச் சொட்டு மருந்தில் முதலில் அம்மோனியா காட்டும்; பிறகு அது இறங்க நைட்ரைட்டு ஏறும்; கடைசியில் நைட்ரைட்டும் இறங்கும். நவச்சாரம் போட்ட மறுநாள் இரண்டும் பூச்சியம் என்று வந்தால் மீனை விடலாம். நன்றாக ஓடும் வடிகட்டியிலிருந்து ஒரு பை நார் கிடைத்தால் இந்தக் காலம் பாதியாகக் குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரினுக்கு, 1000 லிட்டருக்கு 15 கிராம் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்டு) படிகம் போட்டால் போதும்.

பொறுக்காமல் மீனை விட்டவர்கள் சந்திப்பது நைட்ரைட்டு. அது செவுளில் குளோரைடு நுழையும் வாசல் வழியாகவே இரத்தத்துக்குள் போய், ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி அதைப் பழுப்பாக்குகிறது. தண்ணீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் மீன் மூச்சுக்குத் திணறும். மருந்து சமையலறையிலேயே இருக்கிறது: 1000 லிட்டருக்கு ஒரு கிலோ கல் உப்பு. குளோரைடு கூட்டமாக வாசலை அடைத்துக்கொண்டால் நைட்ரைட்டுக்கு வழி கிடைக்காது. உப்புப் போட்ட தண்ணீரைச் செடிக்கு விடவே விடாதீர்கள்.

மூன்றாம் வாரத்தில் மீன் செத்தால், "வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது" என்று பல வீடுகளில் சொல்வார்கள். ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சுதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அடுத்த மீனை அதே தண்ணீரில் விடுவது கொடுமை. அந்தச் சாவுக்குக் காரணம் சோதனைக் குழாயில் நிறமாகத் தெரியும், தடுக்கவும் முடியும். அதைப் பார்க்க மறுக்கிற நம்பிக்கையை மரபு என்று விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

ஆக்சிஜன் கணக்கும் முக்கியம். 3.2 கிராம் நைட்ரஜனை மாற்ற நாளுக்குச் சுமார் 14.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 7.6 மில்லிகிராம்தான் தாங்கும்; ஆக 1900 லிட்டரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் முழுவதும் வடிகட்டிக்கே செலவு. அதனால் மின்வெட்டில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஏர் பம்ப். பெரிய பம்ப் நிற்கலாம். ஏர் பம்பை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். இரண்டும் பல மணி நேரம் நின்றுவிட்டால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல், டிரம்மில் தேங்கி நாறிய தண்ணீரை வெளியே இறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பம்ப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, உயரமே ஏற்றாதபோது கிடைப்பது. மணிக்கு 2500 லிட்டர் உண்மையில் வர, 4000 என்று எழுதியதாக வாங்குங்கள். குளத்தில் விழும் இடத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். 29 நொடியில் நிரம்பினால் சரி. 40 நொடி ஆனால் எங்கோ அடைக்கிறது.

நாரைக் கழுவுவது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். குளத்துத் தண்ணீரிலேயே, ஒரு தடவைக்கு ஒரு பை மட்டும். எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று தேய்த்துக் கழுவினால் முதல் வாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். தண்ணீர் பச்சையானால் அது பாசி. வெயிலைக் குறைக்கக் குளத்துக்கு மேலே ஷேட் நெட் கட்டுங்கள். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் நைட்ரேட்டு வரம்பில்லாமல் ஏறிக்கொண்டே போகாது, செடிக்கும் உரம்.

ஐப்பசி மழையில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமாளிக்கும் திறன், தீரும்; மழைநீர் அதை இன்னும் நீர்க்க வைக்கும். லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஆப்ப சோடா போடுங்கள். 5000 லிட்டரில் 20 மில்லிகிராம் கூட்ட 170 கிராம் பிடிக்கும். ஒரே நாளில் அதற்கு மேல் கூட்டாதீர்கள், பி.எச். திடீரென ஏறினால் இருக்கிற அம்மோனியா நஞ்சாகும். இன்னொன்று, மண்ணில் நீர் ஊறி நிற்கும்போது டிரம்மைக் காலி செய்யாதீர்கள். முழுவதும் நீர் சூழ்ந்தால் காலி டிரம் கிட்டத்தட்ட 200 கிலோ விசையோடு மேலே எழும்பும், குழாய் இணைப்புகளைப் பிய்த்துக்கொண்டு.