தூதரக மேசையில் முதலில் பழக வேண்டியது

வெளியுறவுப் பணியில் சேர விரும்பும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்கள், மற்றவர்களுக்கு ஈடுகொடுத்துப் பேச நம்மால் முடியுமா என்று தயங்குகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் தூதரகங்களில் பணியாற்றிவிட்டு, இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சரளமாகப் பேசத் தெரிந்தவர்களைப் பழக்கி எடுப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

பயிற்சியின் வரிசை பலரும் அறிந்ததுதான். குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்கள் முசோரி அகாடமியில் மற்றப் பணியினரோடு அடிப்படைப் பயிற்சி பெறுகிறார்கள். பிறகு, 1986இல் தொடங்கப்பட்டு 2020இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜின் பெயர் சூட்டப்பட்ட, டெல்லியிலுள்ள வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனத்தில் பன்னாட்டுச் சட்டம், வணிகம், தூதரக நடைமுறை ஆகியவற்றைப் படிக்கிறார்கள். இடையே ராணுவப் பிரிவு ஒன்றிலும் மாவட்ட நிர்வாகத்திலும் சில நாட்கள் தங்கி வருகிறார்கள். அதன்பின் ஒதுக்கப்பட்ட அயல்மொழியைக் கற்க வெளிநாடு செல்ல வேண்டும். அரபு என்றால் கெய்ரோ, சீனம் என்றால் பெய்ஜிங் என்று அனுப்புவது வழக்கம். அந்த மொழித் தேர்வில் தேறினால்தான் பணி உறுதிசெய்யப்படும் என்பதால், அதுவரை சிரித்த முகமாகத் திரிந்த பிள்ளைகள் அந்த ஆண்டில் கொஞ்சம் இளைத்துப்போவதும் உண்டு.

ஆனால் நான் அதிக நேரம் செலவிடுவது, பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் ஒரு வேலையில்: நடந்த உரையாடலைக் குறிப்பாக எழுதுவது. ஒரு மூத்த அதிகாரியை அயல்நாட்டு அமைச்சக அலுவலராக நடிக்கவைத்து, இரண்டு பயிற்சி அதிகாரிகளை அவரிடம் அனுப்புவேன். எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்ட ராமேசுவரம் மீனவர்களையும் அவர்களுடைய படகுகளையும் விடுவிக்கக் கோருவதுதான் அவர்களுக்கு இடப்பட்ட பணி. ஒருமுறை, அலுவலராக நடித்தவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "சட்டப்படி முடிவெடுக்கப்படும், மனிதாபிமான அம்சமும் கருத்தில் கொள்ளப்படும்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்த இருவரில் ஒருவர், வகுப்பிலேயே நன்றாகப் பேசக்கூடியவர், "மனிதாபிமான அடிப்படையில் விடுவிக்க இசைந்தார்" என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. தாம் கேட்க விரும்பியதை எழுதிவிட்டார். உண்மையில் அந்த ஒரு வரி டெல்லிக்குப் போயிருந்தால், அது அமைச்சரின் பதிலில் ஏறி, அன்று மாலையே மீனவர் குடும்பங்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்; அதன்பின் அதைத் திரும்பப் பெற எவராலும் முடியாது.

அதிகம் பேசாத மற்றவர், அலுவலரின் சொற்களை அப்படியே எழுதிவிட்டு, கீழே தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "படகுகளைப் பற்றி இரண்டு முறை கேட்டோம், இரண்டு முறையும் பேச்சை மாற்றினார்." மீனவர்கள் ஊர் திரும்பிய பிறகும் படகுகள் அங்கேயே கிடந்து பாழாவதைக் கடலோர மக்கள் நன்கு அறிவார்கள். அன்றைய சந்திப்பின் சாரம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருந்தது. சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும், நம் ஊகத்தையும், ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே எழுதுவதைத்தான் நான் அவர்களிடம் எதிர்பார்க்கிறேன்.

தூதரகங்கள் அனுப்பும் நோட் வெர்பால் என்ற முறைசார் கடிதத்துக்கும் இதே ஒழுங்குதான். அது படர்க்கையில் எழுதப்படும். முழுக் கையொப்பம் இராது, முத்திரையும் சுருக்கொப்பமும் மட்டுமே இருக்கும். கடும் கண்டனமானாலும் வணக்கம் தெரிவித்தே தொடங்கும். முதன்முதலாகப் பார்க்கும் இளைஞர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. எழுதுபவரின் கோபத்துக்கு அதில் இடமில்லை என்பது நாலைந்து முறை திருத்தி வாங்கிய பிறகே அவர்களுக்குப் புரிகிறது.

இந்தக் கண்டிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வளைகுடா நாடு ஒன்றில் நான் இளநிலை அதிகாரியாக இருந்தபோது, கட்டுமானத் தொழிலாளி ஒருவர் மாரடைப்பில் இறந்தார். உடலை அனுப்ப மரணச் சான்று, காவல்துறையின் தடையின்மைச் சான்று, குடும்பத்தாரின் சம்மதக் கடிதம், ரத்து செய்யப்பட்ட பாஸ்போர்ட், உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, தூதரக அனுமதி என்று பல தாள்கள் வேண்டும். ஒன்று தாமதித்தாலும் மற்றவை நின்றுவிடும். பிணவறை எழுத்தர், "வியாழக்கிழமை முடியலாம்" என்றார். பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் காத்திருந்த தந்தையிடம் நான் தொலைபேசியில், "வியாழக்கிழமை அனுப்பிவிடுகிறோம்" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். காவல்துறைத் தாள் வரவில்லை. வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. அதற்குள் ஊரில் பந்தல் போட்டு, உறவினர்களெல்லாம் வந்து கூடிவிட்டார்கள்.

ஞாயிறு காலை அவரே அழைத்தார். குரலில் கோபமே இல்லை. "வியாழக்கிழமைன்னு அவங்க சொன்னாங்களா சார், இல்ல நீங்களா சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார்.