முப்பது சதவீத மழைக்குத் தார்ப்பாய் போடலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டப் போவதை அறிவியலால் ஏன் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை என்று போச்சம்பள்ளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், பல மணி நேரம் நகராமல் நின்று, பிறகு வலுவிழந்தபடி மேற்கே வந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், ஊத்தங்கரைக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் பெய்து தீர்த்தது. புயலால் உள்மாவட்டங்களில் கனமழை பெய்யும் என்று சொல்வது வேறு. எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்வது வேறு.

காற்றின் இயக்க விதிகள் நமக்குத் தெரியும். இந்த நொடியில் அது இருக்கும் நிலைதான் முழுமையாகத் தெரியாது. 1961இல் அமெரிக்க வானிலையாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணினியில் இட்டபோது, கணிப்பு முற்றிலும் வேறு வானிலையில் போய் முடிந்தது.

இந்தச் சிக்கலையே கருவியாக்கிக்கொண்டதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள்ளேயே தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி, அதே கணிப்பைப் பலமுறை ஓட்டுகிறார்கள். 1992 முதல் இம்முறையைக் கையாளும் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை மையம், மாற்றாத ஒன்றும் மாற்றியவை ஐம்பதுமாக 51 கணிப்புகளை ஓட்டுகிறது. சில நேரங்களில் அவை பல நாட்களுக்கு ஒட்டிச் செல்லும். சில நாட்களில் மறுநாளே சிதறும். ஆக, தன்னை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கணிப்பே சொல்லிவிடுகிறது. 51இல் 15 மழை காட்டினால், வாய்ப்பு ஏறத்தாழ 30 சதவீதம். அப்படிச் சொன்ன 100 நாட்களில் 60 நாட்கள் பெய்திருந்தால் அந்த முறையைத் திருத்தியாக வேண்டும். பஞ்சாங்கத்தின் மழைப் பலனை இப்படி உரசிப் பார்க்க வழியில்லை; அதை நம்பி விதைப்பு நாள் குறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி முடிவெடுப்பது. காரிமங்கலத்தில் ஒருவர் அறுத்த ராகியைக் களத்தில் போட்டிருக்கிறார் என்று கொள்வோம். தார்ப்பாய் வாடகையும் ஆள் கூலியும் 600 ரூபாய். நனைந்து முளைவிட்டால் நட்டம் 6,000 ரூபாய். செலவை நட்டத்தால் வகுத்தால் 10 சதவீதம்; அதுவே அவருக்கு எல்லை. மழை வாய்ப்பு 30 சதவீதம் என்றால் அது எல்லையைத் தாண்டுவதால் மூடிவிடுவதே சரி. பாலக்கோட்டுத் தக்காளிக்காரர் இன்றே காயாகப் பறித்தால் விலையில் 4,000 ரூபாய் இழப்பார். விட்டுவைத்து மழையில் பழம் வெடித்தால் 8,000 ரூபாய் போகும். அவருக்கு எல்லை 50 சதவீதம். ஆகவே அவர் பறிக்காமல் விடலாம். மறுநாள் மழை பெய்துவிட்டாலும் அவர் எடுத்த முடிவு பிழையாகாது. பருவம் முழுவதும் அப்படியே முடிவெடுத்தால் கையில் மிஞ்சுவது கூடுதலாகவே இருக்கும்.

இந்தக் கணக்கின் செலவும் நட்டமும் விவசாயிக்குத்தான் தெரியும். சதவீதம் வானிலையாளரிடம் இருக்கிறது. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்ற அறிவிப்பு பரப்பைச் சொல்கிறதே தவிர வாய்ப்பைச் சொல்வதில்லை. வட்ட அளவில் மழை வாய்ப்பைத் தமிழில் அன்றாடம் வெளியிட வேண்டும். அரூர், ஊத்தங்கரை மலையடிவாரங்களில் தானியங்கி மழைமானிகளைப் பெருக்கவும் நிதி ஒதுக்க வேண்டும். பெய்த மழையை ஊர் ஊராக அளக்காவிட்டால், சொன்ன சதவீதம் அந்த ஊருக்குப் பொருந்தியதா என்று சரிபார்க்கவே முடியாது.