சொல் விளக்கம்: அமிலாய்டு

அல்சைமர் நோயாளியின் மூளையில், நரம்பணுக்களுக்கு வெளியே கரையாமல் படிந்து கிடக்கும் புரதத் திரளை அமிலாய்டு என்கிறார்கள். இந்தப் பெயருக்கும் அமிலத்துக்கும் உறவில்லை. ஆனால் தமிழ்க் காதில் அமிலம் விழாமல் இராது. மதுரையில் முதியோர் மறதி நோய் பற்றிய கூட்டம் ஒன்றில் மருத்துவர் பேசி முடித்ததும், மேலூர்ப் பக்கமிருந்து கணவரை அழைத்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, "அப்படியென்றால் இவருக்குப் புளியைக் குறைத்துவிடட்டுமா, டாக்டர்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. அமிலம் என்பதே புளிப்பைக் குறிக்கும் 'அம்ல' என்ற வடசொல்லின் வழி வந்ததுதானே!

அமிலாய்டின் வேர் கிரேக்கம். 'அமைலோன்' என்றால் திரிகையில் அரைபடாதது. அரைக்காமலே எடுக்கும் மாவுச்சத்துக்கு அவர்கள் இட்ட பெயர். அது லத்தீனில் 'அமைலம்' ஆயிற்று. 'ஆய்டு' என்ற விகுதி 'போன்றது' என்று பொருள்படும். ஆக, மாவுச்சத்து போன்றது. தாவரவியலில் ஏற்கெனவே புழங்கிய இந்தச் சொல்லை 1854இல் ருடால்ஃப் விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவர் மனித உடலுக்குக் கொண்டுவந்தார். மூளைத் திசுவில் கண்ட சிறு துகள்கள்மேல் அயோடின் விட்டபோது நீலம் பாய்ந்தது. கந்தக அமிலம் சேர்த்ததும் ஊதாவானது. இது மாவுச்சத்து வகை என்று முடிவுகட்டினார். சோற்றுக் கஞ்சியில் அயோடின் சொட்டிப் பார்த்த பள்ளி மாணவர் எவரும் அதே முடிவுக்குத்தான் வருவார். ஐந்தே ஆண்டுகளில், 1859இல், மருத்துவர் ஃப்ரீட்ரைக், வேதியியலர் கெக்குலே இருவரும் மண்ணீரலில் கண்ட அமிலாய்டுப் படிவில் நைட்ரஜன் மிகுந்திருப்பதைக் காட்டி, இது புரதம் என்றார்கள். பொருள் மாறியது, பெயர் ஒட்டிக்கொண்டது.

அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற சிறு புரதத்தை 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிளென்னரும் வோங்கும் பிரித்தெடுத்தார்கள். பெரும்பாலும் 40 அல்லது 42 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதன் வடிவத்தைப் பார்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இழைகள் படிகமாவதில்லை, கரைவதும் இல்லை. அங்கேதான் திடநிலை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் கைகொடுத்தது. (பெயர் நீளம்தான், 'ஒத்ததிர்வு' நம் இயற்பியல் பாடநூல் சொல், இலங்கைத் தமிழர் 'பரிவு' என்பார்கள்.) கார்பன்-13, நைட்ரஜன்-15 அணுக்களைப் புரதத்தில் அடையாளமாகப் பதித்து, மாதிரியைக் குட்டிக் குழலில் அடைத்து, காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்து, நொடிக்குப் பல்லாயிரம் சுற்று வேகத்தில் சுழற்றுவார்கள். எந்த அணுவுக்கு அருகில் எந்த அணு இருக்கிறது என்பதை ரேடியோ அலைக் குறிகள் சொல்லிவிடும்.

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் ராபர்ட் டைக்கோவின் குழு இவ்வழியில் பல ஆண்டுகள் உழைத்தது. செல்லூர்த் தறியில் ஊடை நூல் குறுக்கே விழ விழத் துணி நெடுக்கே வளர்வதுபோல, புரதச் சங்கிலிகள் குறுக்குவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இழையை நீட்டுகின்றன. இடைவெளி சுமார் 0.47 நானோமீட்டர். நோயாளிகள் இருவரின் மூளைத் திசுவிலிருந்து எடுத்த இழைகளை வித்தாக வைத்து வளர்த்துப் பார்த்தபோது, ஒருவருடைய இழையின் மடிப்பு மற்றவருடையதைப் போல இல்லை. இது 2013இல் வெளிவந்தது.

எம்.ஆர்.ஐ. இதே காந்த விதியில் இயங்குவதுதான். ஆனால் அண்ணா நகரிலோ கே.கே. நகரிலோ எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்தில் அமிலாய்டு தெரியாது. மூளை சுருங்கியிருப்பது தெரியும். படிவைக் காண, அதற்கென உள்ள மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நேராகப் பெயர்த்தால் 'மாவுப்போலி'. விர்ச்சோவின் பிழையையும் சேர்த்துப் பெயர்ப்பதாகும். போதாக்குறைக்குப் 'போலி' என்றாலே நமக்குக் கள்ள மருந்து நினைவுக்கு வரும். 'நார்ப்புரதம்' என்றால் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டினோடு குழம்பும். 'புரத இழைப்படிவு' என்பதே என் தேர்வு. புரதம், இழை, படிவு மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. ஆய்வுக் கட்டுரையில் அமிலாய்டு அப்படியே இருக்கட்டும். நோயாளியின் குடும்பத்தார் கையில் கொடுக்கும் துண்டறிக்கையில் புரத இழைப்படிவு என்று முதலில் எழுதி, அடுத்து அமிலாய்டு என்று ஒருமுறை குறித்தால் போதும்.