விர்ச்சுவல் போர்ட்டில் ஓடிய மென்பொருள் எடை மேடையில் ஏன் சொதப்புகிறது?

போன வாரம் நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையிலிருந்து போன். மக்காச்சோளம் ஏற்றி வந்த லாரி எடை மேடையில் ஏறியபோது எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியில் சிவப்பு எழுத்தில் 28450 என்று நின்றிருக்கிறது, கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த சீட்டில் 8450. அவசரத்தில் யாரும் சீட்டைப் பார்க்கவில்லை. லோடை இறக்கிவிட்டுக் காலி லாரியை எடை போட்டால் 9820 கிலோ. நிகர எடை மைனஸ் 1370! அதற்குள் சோளம் குவியலோடு கலந்துவிட்டது, இனி எதை எடுத்து மறுபடி எடை போடுவது? ஆலைக்காரரும் டிரைவரும் மாறி மாறிச் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, அந்த மென்பொருளை எழுதிய தம்பி என்னிடம் சொன்னது: "அண்ணா, விர்ச்சுவல் போர்ட்ல ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு தப்புகூட வரல."

இந்த வருஷம் இதே பதிலை நான் கேட்பது நான்காவது முறை.

இண்டிகேட்டர் கம்பி வழியே எடையை அனுப்பும் சீரியல் போர்ட்டை, கம்பியே இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக நடிப்பதுதான் விர்ச்சுவல் சீரியல் போர்ட். அது வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே தினமும் பயன்படுத்துகிறேன். விண்டோஸில் காம்-ஸீரோ-காம், லினக்ஸில் சோகேட், இரண்டுமே இலவசம். ஒரு ஜோடி போர்ட் உண்டாக்கி, ஒரு முனையில் உங்கள் மென்பொருளையும் மறுமுனையில் இண்டிகேட்டர் போல எடை அனுப்பும் சின்ன நிரலையும் வைத்தால் வேலை ஆரம்பம். (காம்-ஸீரோ-காம் முதலில் சிஎன்சிஏ0, சிஎன்சிபி0 என்று பெயர் வைக்கும், அதை விண்டோஸ் வழக்கமாகப் போர்ட்டுக்குத் தரும் காம் எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். எடை மேடைகளில் இன்னும் விபி6 என்ற பழைய விஷுவல் பேசிக்கில் எழுதியவை ஓடுகின்றன, போர்ட்டைப் படிக்கும் அதன் எம்எஸ்காம் பகுதி 16-க்கு மேற்பட்ட போர்ட்டை ஏற்காது.)

ஆனால் அது கேபிள் இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது! "9600 வச்சேன், சரியாத்தான் வந்துச்சு" என்கிறார்கள். அங்கே 9600 என்ற பாட் வேகம் (நொடிக்கு எத்தனை பிட் என்பது) வெறும் எண், நாமாகச் சொல்லாதவரை அதை யாரும் பார்ப்பதே இல்லை. நம்பாவிட்டால் ஒரு முனையை 9600-லும் மறுமுனையை 2400-லும் திறந்து எடையை அனுப்பிப் பாருங்கள், சுத்தமாக வந்து சேரும். நிஜக் கம்பியில் அதே தவறுக்குக் குப்பை எழுத்துதான் வரும். தவறைப் பிடிக்க எழுத்தோடு சேர்க்கும் பாரிட்டி பிட்டும் அப்படித்தான். சோகேட் தரும் போலி முனையத்தில், அனுப்பலாமா என்று இரு பக்கமும் சைகை காட்டிக்கொள்ளும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் கோடுகளே கிடையாது.

அப்புறம் வேகம். 2400 பாட் என்றால், ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட், அதாவது நொடிக்கு 240 எழுத்து. 12 எழுத்துள்ள ஓர் எடை வரி முழுதாக வந்து சேர 50 மில்லி நொடி ஆகும், துண்டு துண்டாகத்தான் வரும். விர்ச்சுவலில் அதே வரி ஒரே கவளமாக வந்து விழுகிறது. நிஜ இண்டிகேட்டரோ நீங்கள் போர்ட்டைத் திறக்கும்வரை காத்திருக்காது, அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தம்பியின் நிரல் 28450-இன் முதல் எழுத்தான 2 போன பிறகு போர்ட்டைத் திறந்தது, கையில் கிடைத்த 8450-ஐ அப்படியே எண்ணாக மாற்றியது.

ஆகவே, தொடக்க எழுத்து வரும்வரை வருவதையெல்லாம் தள்ளுங்கள், முடிவு எழுத்து வரும்வரை சேருங்கள், நீளம் சரியா என்று பாருங்கள், தொடர்ந்து நாலைந்து முறை ஒரே எடை வந்தால் மட்டும் சீட்டு அடியுங்கள். காம்-ஸீரோ-காமில் பாட் வேகத்தைப் பின்பற்றச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை ஆன் செய்யுங்கள். சோதனை நிரலை நல்ல பிள்ளையாக எழுதாதீர்கள்: வரியின் நடுவிலிருந்து தொடங்கட்டும், ஒவ்வோர் எழுத்தாக இடைவெளி விட்டு அனுப்பட்டும், நடுவில் ஓர் எழுத்தை விழுங்கட்டும், திடீரென்று வாயை மூடிக்கொள்ளட்டும்.

ஆலையில் கொடுப்பதற்கு முன் இரண்டு யுஎஸ்பி கன்வர்ட்டர், நடுவே 2-ஆம் பின்னையும் 3-ஆம் பின்னையும் மாற்றிப் போட்ட ஒரு கேபிள், இதை வைத்து ஒரு நாளாவது ஓட்டுங்கள். ஓடும்போதே கன்வர்ட்டரைப் பிடுங்குங்கள். வேறு துளையில் செருகினால் காம் எண் மாறக்கூடும், அதையும் பாருங்கள்.

வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல் போர்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள்! யாராவது தவறான போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, உங்கள் சோதனை நிரலும் அங்கே ஓடிக்கொண்டிருந்தால், பொய் எடையில் பில் போகும். விர்ச்சுவல் போர்ட்டின் டிரைவர் மென்பொருள் விண்டோஸில் ஏறவில்லை என்று, நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அங்கே அணைப்பதும் வேண்டாம்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். எழுதத் தொடங்கும் முன் லேப்டாப்போடு அரை நாள் எடை மேடைக்குப் போங்கள். லாரி ஏறும்போதும் நிற்கும்போதும் இறங்கும்போதும் இண்டிகேட்டர் அனுப்புவதை ஒரு பைட் விடாமல், நேரத்தோடு பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு விர்ச்சுவல் போர்ட்டின் மறுமுனையிலிருந்து அந்தப் பதிவை அதே வேகத்தில் ஓட விடுங்கள். நாமக்கல் தம்பியிடம் இப்போது அப்படி நாற்பது நிமிஷப் பதிவு இருக்கிறது, முதல் ஓட்டத்திலேயே அவர் நிரல் மூன்று இடத்தில் விழுந்தது.